ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட வரும் பெற்றோர், புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள், இடைவேளையில் தயங்கித் தயங்கி வந்து நிற்கும் பிள்ளைகள் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எட்டாவது வரைக்கும் என் பையன் நல்லாத்தான் இருந்தான். ஒன்பதாவதில் திடீர்னு எப்படிங்க விழுந்தான்?

திடீரென்று விழவில்லை. நான்காவது, ஐந்தாவதில் விட்டுப்போனது இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் சைனும் காஸும் கலந்த இரண்டு பின்னங்களைக் கூட்டி ஒரு முற்றொருமையை நிறுவச் சொல்வார்கள். பையன் முதல் வரியைச் சரியாக எழுதுவான். இரண்டாவது வரியில் மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டிவிட்டு அப்படியே நிற்பான். வீட்டில் "முக்கோணவியல் வரலை" என்பான். வராதது முக்கோணவியல் இல்லை. 3/4-ஐயும் 1/5-ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்கள், 4/9 என்று எழுதுவான். அதே பிழைதான் ஐந்து ஆண்டு கழித்து சைன், காஸ் வேடத்தில் வந்து நிற்கிறது.

இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமில்லை. பிள்ளைகளின் கற்றல் நிலையைக் கணக்கெடுக்கும் அசர் (ASER) அமைப்பு 2023-இல் இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைச் சோதித்தது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் சரியாக வகுத்தவர்கள் 43.3 சதவீதம் பேர்தான். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வகுத்தலைக் கடக்காமலே இருபடிச் சமன்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வெள்ளைத்தாள், அரை மணி நேரம், பன்னிரண்டு கணக்கு போதும். ஜூன் மாதம் முதல் வாரத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு நான் கொடுப்பது இது:

7003 − 458
624 ÷ 6
3/4 + 1/5
12-இல் 2/3 பங்கு
0.5 × 0.3
−8 + 3
−8 − 3
(−8) × (−3)
240-இல் 15 சதவீதம்
5ஏ + 3பி-ஐச் சுருக்குக
(எக்ஸ் + 3)-இன் வர்க்கம்
2 எக்ஸ் + 7 = 3 எனில் எக்ஸ் எவ்வளவு?

இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். தவறான விடைகளை மட்டும் உற்றுப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு கதை சொல்லும். முதல் கணக்குக்கு 7455 என்று வந்தால், பிள்ளை ஒவ்வோர் இலக்கத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது, கடன் வாங்கவே இல்லை என்று பொருள். 624-ஐ 6-ஆல் வகுத்து 14 என்று எழுதினால் நடுவில் இருக்கும் சுழியம் தொலைந்திருக்கிறது. எக்ஸ் வர்க்கமும் 9-ம் மட்டும் எழுதினால் நடு உறுப்பு எங்கிருந்து வருகிறது என்று யாரும் படம் போட்டுக் காட்டவில்லை.

−8 − 3-க்கு 11 என்று எழுதும் பிள்ளைகள்தான் எனக்குப் பெரிய கவலை. "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற வரியை நாம்தான் ஊட்டினோம். அது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரியது என்பதைச் சொல்லாமல் விட்டோம். பிள்ளை அதை எல்லா இடத்திலும் போடுகிறது. எட்டு ரூபாய் கடன் இருக்கிறது, இன்னும் மூன்று ரூபாய் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் அதே பிள்ளை பட்டென்று "பதினோரு ரூபா கடன்" என்று சொல்லும். அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

பாடத்தையே முடிக்க முடியவில்லை, அடிப்படைக்கு நேரம் எங்கே இருக்கிறது? (ஓர் இளம் ஆசிரியர் கேட்டது)

நியாயமான கேள்வி, இதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். நானும் முதலில் ஜூன் மாதம் முழுக்க அடிப்படை நடத்திப் பார்த்தேன். ஆகஸ்டில் மறந்துவிட்டார்கள். காலாண்டில் பாடமும் பின்தங்கியது, அடிப்படையும் நிற்கவில்லை.

இப்போது செய்வது வேறு. பாடவேளையின் முதல் பத்து நிமிடம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த இயலுக்கு எந்த அடிப்படை தேவையோ அதை மட்டும் அந்த நேரத்தில் தருகிறேன். முக்கோணவியலுக்கு முந்தைய இரண்டு வாரமும் பின்னக் கூட்டல். அளவியலுக்கு முன்னால் தசமப் பெருக்கலும், 22/7 வரும்போது அடித்துச் சுருக்குவதும். புள்ளியியலுக்கு முன்னால் வர்க்கங்கள். ஆயத்தொலை வடிவியலுக்கு முன்னால் குறை எண்கள்.

ஆயத்தொலை வடிவியலையே எடுத்துக்கொள்ளுங்கள். (−2, 5), (4, −7) என்ற இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டின் சாய்வு கேட்கிறார்கள். மேலே −7-இலிருந்து 5-ஐக் கழிக்க −12. கீழே 4-இலிருந்து −2-ஐக் கழிக்க 6. சாய்வு −2. வகுப்பில் பாதிப் பேர் கீழே 4 − 2 = 2 என்று போட்டு −6 என்று முடிப்பார்கள். சூத்திரம் எல்லாருக்கும் தெரியும், எத்தனை முறை எழுதச் சொன்னாலும் எழுதுவார்கள். "−2-ஐக் கழி" என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியாது. பத்து நாள் முன்னதாகவே தினமும் நான்கு கழித்தல் கணக்குப் போட்ட வகுப்பில் இந்தப் பாடம் விரைவாக ஓடுகிறது. முன்னால் செலவழித்த நேரம் இங்கே திரும்பி வருகிறது.

பின்னக் கூட்டலுக்குக் கட்டம் போட்ட தாளை எடுங்கள். நான்குக்கு ஐந்து என்று ஒரு செவ்வகம், மொத்தம் 20 கட்டம். அதில் 3/4 என்றால் 15 கட்டம், 1/5 என்றால் 4 கட்டம். சேர்த்தால் 19 கட்டம், அதாவது 19/20. மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்ற சொல்லை அதற்குப் பிறகு சொன்னால் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கட்டம் போட்டுக் காட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கல்வித்துறையும் இதை உணர்ந்திருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு, அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. 2025-26-இல் ஆறு முதல் ஒன்பது வரை உள்ள வகுப்புகளுக்கு, விட்டுப்போன அடிப்படையைச் சரிசெய்யும் 'திறன்' இயக்கம் வந்தது. பயிற்சிப் புத்தகம் கையில் இருக்கிறது. அதைப் பதிவேட்டுக்காக நிரப்புகிறோமா, பிள்ளைக்காக நிரப்புகிறோமா என்பது நம் கையில்தான் இருக்கிறது.

மெல்லக் கற்போரைத் தனி வகுப்பாகப் பிரித்துவிடலாமா?

ஆண்டு முழுவதற்கும் பிரிக்காதீர்கள். அந்தப் பெயரே பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. "நான் ஸ்லோ லேர்னர் மிஸ்" என்று தன்னை அறிமுகம் செய்துகொண்ட பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திறனை வைத்துச் சில வாரங்களுக்குக் குழு அமைக்கலாம். வகுத்தல் வராதவர்கள் ஒரு குழு, குறை எண் தடுமாறுபவர்கள் ஒரு குழு. வந்துவிட்டால் குழு கலைந்துவிட வேண்டும். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் பல மாநிலங்களில் தொடக்க வகுப்புகளில் செய்து காட்டியது இதைத்தான்: பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துச் சில காலம் அதற்கு ஏற்றபடி கற்பிப்பது. உயர்நிலை வகுப்புக்கும் அது பொருந்தும். வடிவியலில் கெட்டியான பையன் வகுத்தல் குழுவில் இருப்பான், இருக்கட்டும்.

வாய்ப்பாட்டை இன்னமும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? கால்குலேட்டர்தான் இருக்கிறதே?

செய்ய வேண்டும். எக்ஸ் வர்க்கம் − 5 எக்ஸ் − 84-ஐக் காரணிப்படுத்த, பெருக்கினால் −84, கூட்டினால் −5 வரும் இரண்டு எண்கள் வேண்டும். பன்னிரண்டேழு எண்பத்து நான்கு என்று காதில் விழுந்த பிள்ளை −12, 7 என்று அரை நிமிடத்தில் எழுதிவிடும். அது தெரியாத பிள்ளை விரல் விட்டுக்கொண்டிருக்கும்போது, எதற்காகத் தேடுகிறோம் என்பதே மறந்துபோகும். மனம் ஒரு நேரத்தில் கொஞ்சத்தைத்தான் தாங்கும், அந்த இடத்தைப் பெருக்கல் பிடித்துக்கொண்டால் இயற்கணிதத்துக்கு இடமில்லை. 16-ஆம் வாய்ப்பாடு வரை, தினம் ஐந்து நிமிடம், வரிசையாக இல்லாமல் மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

மிஸ், வகுப்பில் புரியுது. பரீட்சையில் உட்கார்ந்தா ஒண்ணுமே வரமாட்டேங்குது. ஏன்?

நான் போடும்போது பார்க்கிறாய், ஒவ்வொரு வரியும் சரி என்று தோன்றுகிறது. அடுத்த வரி என்ன என்று முடிவு செய்தது நான், நீ இல்லை. பரீட்சையில் அந்த முடிவைத்தான் கேட்கிறார்கள். ஆகவே எடுத்துக்காட்டுக் கணக்கைப் படித்தவுடன் புத்தகத்தை மூடு, வெறும் தாளில் போடு. நின்ற இடத்தில் மட்டும் திறந்து பார், மறுபடி மூடு.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பயிற்சியில் இருக்கும் பத்துக் கணக்கும் ஒரே மாதிரி. மூன்றாவது கணக்கிலிருந்து கை தானாகப் போடுகிறது. பரீட்சைத் தாளில் எந்தக் கேள்வி எந்தப் பயிற்சி என்று எழுதியிருக்காது. அமெரிக்காவில் ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. கல்லூரி மாணவர்களுக்குச் சில வித்தியாசமான திண்ம உருவங்களின் கனஅளவு காணக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு வகையாக முடித்துப் பயிற்சி செய்தது, இன்னொரு குழு எல்லாவற்றையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது வகைவகையாகச் செய்தவர்களுக்கு 89 சதவீதம் சரி, கலந்து செய்தவர்களுக்கு 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது வகைவகையாகச் செய்தவர்கள் 20 சதவீதம், கலந்து செய்தவர்கள் 63.

அதனால்தான் நான் தரும் வீட்டுப்பாடத்தில் இன்றைய பாடத்திலிருந்து மூன்று, போன வாரத்திலிருந்து இரண்டு, போன மாதத்திலிருந்து ஒன்று என்று இருக்கும். முதலில் எரிச்சலாக இருக்கும் கண்ணு. செய்துகொண்டே வா.

ஜனவரி வந்துவிட்டது. எப்படியாவது 35 வாங்க வைக்க வழி உண்டா?

உண்டு. ஜனவரியில் இந்தக் கேள்வியைக் கேட்கும் யாரையும் நான் குறை சொல்லமாட்டேன்.

வினாத்தாள் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண்ணில் பத்து எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண்ணில் பத்து எழுத வேண்டும். கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. இந்தப் பதினாறில் பன்னிரண்டு, ஒரு மதிப்பெண்ணில் எட்டு, இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து வினா சரியாக எழுதினால் பத்து, ஐந்து மதிப்பெண் வினாக்களில் படிப்படியாக எழுதியதற்குக் கிடைக்கும் ஸ்டெப் மார்க் ஐந்து. 35 வந்துவிடும். கார்டீசியன் பெருக்கல், அணிகளின் கூட்டல், கூட்டுத் தொடர்வரிசையின் பொது உறுப்பு, இரண்டு பகடை நிகழ்தகவு, சார்பை அம்புக்குறிப் படமாகவும் அட்டவணையாகவும் எழுதுவது ஆகியவை கைக்கு எட்டும் இடங்கள். விடை தெரியாவிட்டாலும் சூத்திரத்தையும் கொடுக்கப்பட்ட அளவுகளையும் எழுதப் பழக்குங்கள். ஒரு மதிப்பெண் விடைகளை "அ, இ, ஈ" என்று எழுத்தாக மட்டும் மனப்பாடம் செய்ய விடாதீர்கள், விடைகளின் வரிசை மாறினால் எல்லாம் போய்விடும்.

ஆனால் இந்தக் குறுக்குவழியும் அடிப்படையில்தான் வந்து முட்டும். வரைபடத்துக்கு எக்ஸ் வர்க்கம் − 4 எக்ஸ் + 3 என்ற கோவையில் எக்ஸ் = −1 போட வேண்டும். 1 + 4 + 3 = 8. பிள்ளை 1 − 4 + 3 = 0 என்று போட்டால், புள்ளி இடம் மாறி வளைவரை உடைகிறது. அளவுத்திட்டமும் அச்சுகளும் அழகாக வரைந்திருந்தும் எட்டில் பாதி போகிறது.

இதையே ஜூன் மாதம் முதல் செய்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பத்து மாதம் கையில் இருக்கும்போது ஒரு பிள்ளையிடம் "உனக்கு இந்த முப்பது கணக்கு போதும்" என்று மெட்டீரியலைக் கொடுப்பது, அந்தப் பிள்ளையை நம்பவில்லை என்று சொல்வதுதான். அந்தப் பிள்ளை ஐ.டி.ஐ. போனால் அங்கே பணிமனைக் கணக்கீடு இருக்கிறது. பாலிடெக்னிக் போனால் முதலாண்டிலேயே கணக்கு இருக்கிறது.

2024-இல் சென்டம் (நூற்றுக்கு நூறு) குவிந்ததே, 2025-இல் ஏன் குறைந்தது? பள்ளிகள் சரியில்லையா?

2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் 100 எடுத்தவர்கள் 20,691 பேர். 2025-இல் 1,996 பேர். ஒரே ஆண்டில் பிள்ளைகளின் அறிவு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடாது. புத்தகமும் அதேதான். ஆகவே சென்டம் எண்ணிக்கையை வைத்துப் பள்ளியை அளக்காதீர்கள். உங்கள் பள்ளியில் 624-ஐ 6-ஆல் வகுக்கத் தெரிந்தவர்கள் ஜூனில் எத்தனை பேர், மார்ச்சில் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

தமிழ் வழியில் படிப்பதால் கணக்கு கடினமாகிறதா?

இல்லை. சில இடங்களில் தமிழ் கை கொடுக்கவே செய்கிறது. "12-இலிருந்து 5-ஐக் கழி" என்று கேட்டால், காதில் விழும் வரிசையிலேயே 12 − 5 என்று எழுதலாம். ஆங்கிலத்தில் அதே வாக்கியத்தில் 5 முன்னால் வரும். எட்டாவதுக்கு மேல் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைகள் 5 − 12 என்று எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே நேரம் பின்னத்தில் தமிழ்ப் பிள்ளை தடுமாறும். "நான்கில் மூன்று பங்கு" என்று சொல்லும்போது நான்கு முதலில் காதில் விழுகிறது, தாளிலோ மூன்றை மேலே எழுத வேண்டும். 4/3 என்று எழுதினால் திட்டாதீர்கள், பிள்ளை கேட்டபடிதான் எழுதியிருக்கிறது. முதலில் நான்காகப் பிரி, கீழே எழுது, பிறகு மூன்றை எடு, மேலே எழுது என்று சொல்லிக்கொடுங்கள்.

கலைச்சொற்களையும் தொட்டுக்காட்டி நடத்துங்கள். சாய்வு என்றால் சக்கர நாற்காலிக்காகப் பள்ளி வாசலில் கட்டிய சாய்தளத்தை அளந்து பார்க்கச் சொல்வேன். எத்தனை அடி போனால் எத்தனை அடி ஏறுகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

நாங்க படிக்காதவங்க டீச்சர். வீட்டில் எப்படி உதவி செய்ய முடியும்?

நீங்கள் கணக்குப் போட்டுத்தர வேண்டாம். "இது எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லு" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக உட்காருங்கள். சொல்லத் தொடங்கும்போதே பாதிப் பிழையைப் பிள்ளையே பிடித்துவிடும். "எனக்கும் கணக்கு வராது, உனக்கும் அப்படித்தான்" என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.

உங்களிடம் இருக்கும் கணக்கு கொஞ்சமில்லை. மகளிர் குழுக் கடனுக்கு மாத வட்டி எவ்வளவு என்று பிள்ளையைக் கணக்கிடச் சொல்லுங்கள். மார்கழியில் கோலம் போடும் தாயிடம் நான் கேட்பது ஒன்று உண்டு. 15 புள்ளி, இடுக்குப் புள்ளி, 8-இல் நிறுத்த வேண்டும். மொத்தம் எத்தனை புள்ளி? நடுவில் 15. மேலே 14, 13 என்று 8 வரை, கீழேயும் அப்படியே. 8 முதல் 14 வரை கூட்டினால் 77. இரண்டு பக்கமும் 154, நடுவில் 15, ஆக 169. பத்தாம் வகுப்பு இரண்டாம் இயலில் இருக்கும் கூட்டுத் தொடரின் கூடுதல் இதுதான். ஒரு பெண் இதை வாசலில் அம்மாவோடு சேர்ந்து எண்ணிச் சரிபார்த்துவிட்டு மறுநாள் வந்து சொன்னபோது வகுப்பே கை தட்டியது.

டியூஷன் அவசியமா?

ஓட்டை தெரியாமல் அனுப்பினால் அதே பாடத்தை இரண்டாவது தடவை புரியாமல் கேட்டு வரும். மேலே சொன்ன பன்னிரண்டு கணக்கை டியூஷன் ஆசிரியரிடம் காட்டி, இவற்றில் தொடங்குங்கள் என்று கேளுங்கள்.

கணக்கு என்றாலே பயப்படுகிறாள். பலகைக்குக் கூப்பிட்டால் அழுகிறாள்.

இதில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், விடைத்தாளைக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து பெயர் சொல்லிக் கொடுப்பேன். ரோஷம் வந்து படிப்பார்கள் என்று நினைத்தேன். முதலில் பெயர் வந்த பிள்ளை அடுத்த வாரம் முழுக்கப் பள்ளிக்கு வரவில்லை. அம்மா வந்து "வயித்து வலின்னு சொல்றா டீச்சர்" என்றார். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

இப்போது தாள் திருத்தும்போது பலர் செய்த ஒரு தவறைப் பெயரில்லாமல் பலகையில் எழுதுகிறேன். "இதை எழுதினவங்க மனசுல என்ன நினைச்சிருப்பாங்க?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் தவறு செய்த பிள்ளையே எழுந்து விளக்கும். பலகைக்குத் தனியாகக் கூப்பிடுவதில்லை, இரண்டிரண்டு பேராக வரச் சொல்கிறேன். அதோடு ஒவ்வொரு சிறு தேர்விலும் முதல் இரண்டு கணக்குகள் எல்லாராலும் போட முடிகிறவையாக இருக்கும்.

தலைமையாசிரியராக நான் என்ன செய்யலாம்?

நல்ல கணக்கு ஆசிரியர் எல்லாரையும் பத்தாம் வகுப்பிலேயே குவிக்காதீர்கள், ஒருவரையாவது ஆறாம் வகுப்புக்குக் கொடுங்கள். கணக்குப் பாடவேளையைத் தினமும் கடைசியில் போடாதீர்கள். மாதம் ஒருமுறை ஒரு கணக்கு ஆசிரியர் நடத்துவதை மற்ற கணக்கு ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஜப்பானியப் பள்ளிகளில் இது நெடுநாள் வழக்கம். அங்கே ஆசிரியரைக் குறை காண யாரும் உட்காருவதில்லை. பிள்ளைகள் எந்த இடத்தில் நின்றார்கள் என்று குறித்துக்கொண்டு, பாடத்தைச் சேர்ந்து திருத்துகிறார்கள்.

அந்தப் பன்னிரண்டு கணக்கின் விடைகளைத் தர முடியுமா?

வரிசையாக: 6545, 104, 19/20, 8, 0.15, −5, −11, 24, 36. பத்தாவதைச் சுருக்க முடியாது, 5ஏ + 3பி அப்படியேதான் இருக்கும், 8ஏபி என்று எழுதியிருந்தால் ஐந்து ஆப்பிளையும் மூன்று பேனாவையும் கூட்டச் சொல்லிப் பாருங்கள். பதினொன்றாவது எக்ஸ் வர்க்கம் + 6 எக்ஸ் + 9. பன்னிரண்டாவது −2. ஆறுக்குக் கீழே சரியாக இருந்தால் முதல் ஐந்து கணக்குகளிலிருந்து தொடங்குங்கள், இயற்கணிதத்தை அதற்குப் பிறகு தொடலாம்.